பெயர்ச்சீட்டும் பொருளும்
ஜாவா மொழியில் தீங்கற்ற இனமாற்றம்

(வெள்ளிவிழாவையொட்டிக் கழக இளைஞர்களுக்காக நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளிவிழாவில் பேசுவோர் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளைப் போற்றிப் பேசுவது மரபு. அப்பணியை நம்மினும் தகுதியுடையோர் இம்மேடையில் செவ்வனே செய்துள்ளனர். நமக்கு இடப்பட்ட பணி வேறு. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலில் நுழைந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும், நுழையவிருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படுமாறு ஒரு பொருளை விளக்கியுரைப்பதே அது. பத்துச் செய்திகளை மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதைக் காட்டிலும், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் அடிவரை செல்வதே நன்றென்று கருதினோம். ஆகவே, ஜாவா மொழியில் ஒரு பொருளை அதன் உள்ளினமாகக் கொண்டு கையாளுவது எங்ஙனம், அதனைத் தீங்கு நேராமல் செய்வது எங்ஙனம் என்பதை மட்டும் இன்று ஆராய்வோம்.

இது சிறிய செய்திதானே என்று சிலர் எண்ணக்கூடும். ஒரே வரியில் எழுதி முடிக்கத்தக்க செயல்தான். ஆயினும் அந்த ஒரு வரியில், நிரலை எழுதுபவன் கணிப்பொறியிடம் ஒரு வாக்குறுதி அளிக்கிறான். அவ்வாக்குறுதி பொய்யாகும்போது துன்புறுவது எழுதியவன் அல்லன். அந்நிரலை நம்பி எங்கோ காத்திருக்கும் மனிதரே துன்புறுகின்றனர். ஆதலின் இதனைச் சிறிதென்று தள்ளுவதற்கில்லை.

சொல்லும் அதன் மயக்கமும்

முதற்கண் சொல்லைப் பற்றிச் சில கூறவேண்டும். இச்செயலை ஆங்கிலத்தில் காஸ்ட் என்பர். அவ்வொலி செவியில் விழும்போது, நாம் நன்கறிந்த வேறொரு சொல்லின் ஒலியும் உடன் வந்து விழுகிறது. இரண்டிற்கும் எத்தொடர்பும் இல்லை. இங்கு வழங்குவது, உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி வார்த்தெடுப்பதைக் குறிக்கும் சொல்லாகும். தமிழ்ப் பாடநூல்கள் இதனை இனமாற்றம் என்று வழங்குகின்றன.

இவ்விரு பெயர்களும் தொடக்க மாணவரை மயக்கக்கூடியவை. வார்ப்பு என்றால் பொருளின் உருவம் மாறவேண்டும். இனமாற்றம் என்றால் பொருளின் இனம் மாறவேண்டும். ஜாவாவில் பொருள்களைப் பொறுத்தவரை இவ்விரண்டில் ஒன்றும் நிகழ்வதில்லை. ஒரு பொருள் நினைவகத்தில் எந்த இனமாகப் பிறந்ததோ, அது மறையும்வரை அந்த இனமாகவே இருக்கும். மாறுவது, அதனை நாம் எந்தப் பெயர்ச்சீட்டின் வழியாகப் பார்க்கிறோம் என்பது மட்டுமே. இவ்வொன்றை நெஞ்சில் பதித்துக்கொண்டால் இன்றைய பாடத்தில் பாதி முடிந்ததாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

நமக்கெல்லாம் பழக்கமான ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைப் பரிசீலித்துப் பணம் வழங்கும் ஒரு நிரலை நாம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இது பாடத்திற்காக நாமே வகுத்துக்கொண்டது. எந்த அலுவலகத்தின் நிரலையும் குறிப்பதன்று.

விண்ணப்பம் என்பது பொது இனம். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் மாணவர் பெயர், கல்லூரி, வங்கிக் கணக்கு எண் ஆகியவை உண்டு. இப்பொது இனத்தின் கீழ் இரண்டு உள்ளினங்கள் உள்ளன. ஒன்று, முதன்முறை எழுதப்படும் புதிய விண்ணப்பம். அதில் பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண் இருக்கும். மற்றொன்று, ஆண்டுதோறும் எழுதப்படும் புதுப்பித்தல் விண்ணப்பம். அதில் சென்ற ஆண்டின் ஒப்பளிப்பு எண் இருக்கும். முதலாவதற்குச் சென்ற ஆண்டின் எண் என்பதே கிடையாது.

ஒரு புதுப்பித்தல் விண்ணப்பத்தை வெறும் விண்ணப்பம் என்னும் பெயர்ச்சீட்டின் வழியாகப் பார்ப்பதற்குத் தடை ஏதுமில்லை. புதுப்பித்தல் விண்ணப்பம் ஒவ்வொன்றும் விண்ணப்பமே என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இது மேல்நோக்கிய மாற்றம். இதற்கு ஜாவா எவ்விதச் சோதனையும் கேட்பதில்லை.

கீழ்நோக்கிய மாற்றம் அவ்வாறன்று. கையில் இருப்பது விண்ணப்பம் என்னும் சீட்டு மட்டுமே. அதன் பின்னே இருப்பது புதியதா, புதுப்பித்தலா என்பது சீட்டைப் பார்த்தால் தெரியாது. சென்ற ஆண்டின் எண்ணைப் படிக்க விரும்பும் நிரலாளன், அப்பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் புதுப்பித்தல் விண்ணப்பம் என்னும் இனப்பெயரை எழுதுகிறான். "இது புதுப்பித்தல் விண்ணப்பமே; நான் அறிவேன்" என்று அவன் கூறுவதற்கு இது சமம். இதுவே நாம் முன்னர்க் குறிப்பிட்ட வாக்குறுதியாகும்.

வாக்குறுதியைச் சோதிப்பவர் யார்?

இங்கே இரண்டு காவலர்கள் உளர். முதற்காவலன் கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி. நிரல் இயங்குவதற்கு முன்பே அதனைப் படித்துப் பார்ப்பவன் இவன். விண்ணப்பத்தை வங்கிக்கிளை என்னும் தொடர்பற்ற இனமாக்க முயன்றால் அங்கேயே மறுத்துவிடுவான். ஆனால் விண்ணப்பத்தைப் புதுப்பித்தல் விண்ணப்பம் என்றால், "இருக்கக்கூடும்" என்று விட்டுவிடுவான். அவன் கண்ணுக்குச் சீட்டுதான் தெரியும், பொருள் தெரியாது. பொருள்கள் அப்போது பிறக்கவேயில்லை.

இரண்டாங்காவலன் ஜாவாவின் இயங்குபொறி. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது, இத்தகைய ஒவ்வொரு மாற்றத்தின் முன்பும் பொருளின் உண்மையான இனத்தை அவன் பார்க்கிறான். இதற்கெனவே ஜாவாவின் இடைநிலைக் குறிமொழியில் செக்காஸ்ட் என்னும் கட்டளை அமைந்துள்ளது. வாக்குறுதி மெய்யானால் வழிவிடுகிறான். பொய்யானால் கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் என்னும் விதிவிலக்கை எழுப்புகிறான். எந்த இனப் பொருள் எந்த இனமாகக் கொள்ளப்பட்டது என்னும் இரண்டு பெயர்களையும் அச்செய்தியில் எழுதிவைக்கிறான். அச்செய்தியை அஞ்சாமல் படிக்கப் பழகுங்கள். நோயின் பெயரையும் இடத்தையும் தானே கூறும் நோயாளியைப் போன்றது அது.

இக்காவலன் இருப்பது ஜாவாவின் சிறப்பு. சி மொழியில் ஒரு சுட்டியை வேறோர் இனத்தின் சுட்டியாக மாற்றினால், இயங்கும் நேரத்தில் யாரும் சோதிப்பதில்லை. நினைவகத்தில் இருப்பது எதுவாயினும் அது புதிய இனமாகவே படிக்கப்படும். தவறான எண் சரியான எண்ணைப் போல் வெளிவரும். ஜாவா அவ்வாறு பொய்யைத் தொடரவிடாது, அங்கேயே நிறுத்திவிடும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். ஜாவாவிலும் எண்களுக்கு இக்காவல் இல்லை. 300 என்னும் முழு எண்ணைப் பைட் என்னும் சிறிய இனத்திற்கு மாற்றினால், அவ்வினம் கொள்ளக்கூடியது -128 முதல் 127 வரையே ஆதலின், எஞ்சி நிற்பது 44. எந்த எச்சரிக்கையும் எழாது. எண்ணை மாற்றும்போது மதிப்பே மாறுகிறது. பொருளை மாற்றும்போது பார்வை மட்டுமே மாறுகிறது. ஒரே குறியீட்டால் எழுதப்படினும் இவை இருவேறு செயல்கள்.

எண் மாற்றத்தின் விளைவுக்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து புறப்பட்ட ஏரியான் 5 ஏவுகலம், ஒரு நிமிடமும் கடவாமல் வானிலேயே சிதறிற்று. 64 பிட் பதின்ம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றியபோது அது கொள்ளாமற் போனதே மூலக்காரணம். அந்நிரல் ஏடா மொழியில், முந்தைய ஏரியான் 4 கலத்திற்கென எழுதப்பட்டது. பழைய கலத்தில் அவ்வெண் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததில்லை. விதிவிலக்கு எழுந்தது, அதனை ஏற்றுக் கையாள அவ்விடத்தில் ஒருவரும் வழி எழுதியிருக்கவில்லை, திசைகாட்டும் கணிப்பொறிகள் இரண்டும் செயலிழந்தன. நேற்றுவரை மெய்யாக இருந்த வாக்குறுதி இன்றும் மெய்யாகவே இருக்கும் என்று கொள்வதன் விலை அது.

பழங்காலத்து இடர்ப்பாடு

ஜாவாவின் வரலாற்றில் இச்செய்திக்குத் தனி இடமுண்டு. 1991-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் முதலியோர் தொடங்கிய பணி, 1995-இல் ஜாவா என்னும் பெயரில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 2010-இல் அந்நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிற்று. தொடக்ககாலத்தில் ஜாவாவின் பட்டியல்கள் எல்லாம் ஆப்ஜெக்ட் என்னும் அனைத்திற்கும் மேலான பொது இனத்தையே ஏந்தின. விண்ணப்பங்களைப் பட்டியலில் இட்டால், வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் "இது விண்ணப்பம்" என்று கூறித்தான் எடுக்கவேண்டும். யாரேனும் கவனமின்றி அதே பட்டியலில் ஒரு வங்கிச் சீட்டைப் போட்டுவிட்டால், போட்ட இடத்தில் ஒன்றும் நேராது. எடுக்கும் இடத்தில் நிரல் விழும். குற்றம் ஓரிடம், தண்டனை வேறிடம்.

2004-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் ஜெனரிக்ஸ் என்னும் ஏற்பாடு வந்தது. இது விண்ணப்பங்களின் பட்டியல் என்று முன்பே அறிவித்துவிட்டால், வேறொன்றை உள்ளே இட நிரல்பெயர்ப்பியே இடங்கொடாது. எண்ணற்ற இனமாற்றங்கள் அதனால் தேவையற்றுப்போயின. இன்று புதிதாக எழுதும் நிரலில், பட்டியலிலிருந்து எடுக்கும்போதெல்லாம் இனமாற்றம் செய்பவர் எவரேனும் இருப்பின், அவர் இருபதாண்டுகளுக்கு முன் தீர்ந்த நோய்க்கு இன்னும் மருந்துண்பவர் ஆவார்.

கேட்டபின் கூறுதல்

இனி, மாற்றம் தேவைப்படும் இடத்தில் அதனைச் செய்யும் முறைக்கு வருவோம். வாக்குறுதி அளிக்குமுன் பொருளையே கேட்கவேண்டும். அதற்கான சொல் இன்ஸ்டன்ஸ்ஆஃப் என்பதாகும். இப்பொருள் புதுப்பித்தல் விண்ணப்பமா என்று அது கேட்கும். ஆம் அல்லது இல்லை என்னும் விடை வரும். ஆம் என்றால் மட்டுமே மேற்செல்லவேண்டும்.

வெற்றுச்சீட்டு பற்றியும் இங்கே கூறவேண்டும். எப்பொருளையும் சுட்டாத சீட்டை நல் என்பர். அத்தகைய வெற்றுச்சீட்டை எந்த இனமாக மாற்றினாலும் ஜாவா தடுப்பதில்லை, மாற்றம் வெற்றிபெறும். பின்னர் அதனிடம் எதையேனும் கேட்கும்போதுதான் நிரல் விழும். இன்ஸ்டன்ஸ்ஆஃப் அவ்வாறு ஏமாறாது. வெற்றுச்சீட்டுக்கு அது எப்போதும் இல்லை என்றே விடையளிக்கும். ஆதலின், கேட்டபின் மாற்றுபவருக்கு வெற்றுச்சீட்டினால் வரும் இடரும் அவ்விடத்தில் நீங்கிவிடுகிறது.

நெடுங்காலம் இதனை இரண்டு படிகளாக எழுதிவந்தனர். முதலில் கேட்பது, அடுத்து அதே இனப்பெயரை மீண்டும் எழுதி மாற்றுவது. ஒன்றை இருமுறை எழுதும் இடத்தில் தவறு நுழையும். ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டும்போது, கேட்பதில் ஓரினமும் மாற்றுவதில் வேறோர் இனமும் நின்றுவிடுவதுண்டு. 2021 மார்ச்சில் வந்த 16-ஆம் பதிப்பு இக்குறையைப் போக்கிற்று. கேட்கும் வரியிலேயே புதிய பெயர் ஒன்றையும் சேர்த்து எழுதினால், விடை ஆம் என்றவுடன் அப்பெயர் உள்ளினச் சீட்டாகக் கையில் வந்துவிடும். தனியே மாற்றும் வரி தேவையில்லை. விடை ஆம் என்று உறுதியாகாத இடத்தில் அப்பெயரைப் பயன்படுத்த நிரல்பெயர்ப்பி விடாது.

இக்கருத்து புதியதும் அன்று. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் ஓலே யோகான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் படைத்த சிமுலா 67 மொழியே பொருள், இனம், உள்ளினம் என்னும் எண்ணங்களை நிரலுலகிற்குத் தந்த மொழி. ஒரு பொருளை நோக்கி, இவ்வினமாயின் இதைச் செய், அவ்வினமாயின் அதைச் செய் என்று கட்டளையிடும் இன்ஸ்பெக்ட் என்னும் அமைப்பு அம்மொழியிலேயே இருந்தது. அவ்விருவருக்கும் 2001-ஆம் ஆண்டின் டூரிங் பரிசு வழங்கப்பட்டது. முன்னோர் கண்ட நல்வழி ஒன்று, மறைந்திருந்து பல பதிற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் பெருவழியாவது அறிவியலில் வியப்பன்று.

விழாமல் இருப்பது மட்டும் போதுமா?

இளைஞர்களே, இதுவரை கூறியவற்றைப் பல நூல்களில் நீங்கள் படிக்கலாம். இனிக் கூறுவதையே இவ்வுரையின் உயிர்ப்பகுதியாக நாம் கருதுகிறோம்.

நம் எடுத்துக்காட்டில் 1,000 விண்ணப்பங்கள் வரிசையில் நிற்கின்றன என்க. எல்லாம் புதுப்பித்தலே என்று நம்பி, கேளாமல் மாற்றிய நிரல், 300-ஆவது இடத்தில் ஒரு புதிய விண்ணப்பத்தைக் கண்டு விழுகிறது. அதற்கும், அதற்குப் பின்னுள்ள 700 விண்ணப்பங்களுக்கும் அன்றிரவு பணம் செல்லாது. இது கேடுதான். ஆயினும் காலையில் அலுவலர் வந்து பார்ப்பார். நிரல் நின்றது தெரியும். செய்தியைப் படித்துத் திருத்துவர். மாலைக்குள் பணம் செல்லும்.

இதனைக் கண்டு அஞ்சிய நிரலாளன் ஒருவன், எழும் விதிவிலக்கைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுமாறு எழுதுகிறான் என்க. மற்றொருவன், புதுப்பித்தலா என்று கேட்டு, ஆம் என்றால் பணம் வழங்குமாறு எழுதி, இல்லை என்றால் என்ன செய்வது என்பதை எழுதாமலே விடுகிறான் என்க. இனி நிரல் விழாது. 1,000 விண்ணப்பங்களையும் கடந்து, பணி முடிந்தது என்று காலையில் செய்தி தரும். ஆனால் அந்த 300-ஆவது மாணவிக்குப் பணம் செல்லவில்லை. மறுப்பும் செல்லவில்லை. அவள் விண்ணப்பம் தள்ளப்படவும் இல்லை, ஏற்கப்படவும் இல்லை. பதிவேட்டில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவள் வந்து கேட்டால், "கணினியில் எல்லாம் முடிந்துவிட்டதாகத்தான் காட்டுகிறது" என்னும் விடையே கிடைக்கும். கட்டணம் கட்டும் நாள் கடந்துவிடும்.

இவ்விரண்டில் எது தீங்கற்றது? விழுந்த நிரலா, விழாமல் அவளை விட்டுச் சென்ற நிரலா? விழுந்த நிரல் தன் குறையைத் தானே கூறிற்று. விழாத நிரல் அதனை மறைத்தது. ஆகவே தீங்கற்ற இனமாற்றம் என்பதற்கு நாம் கூறும் இலக்கணம் இது: நிரல் விழாதிருப்பது மட்டும் போதாது, வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விடை கிடைத்தாக வேண்டும். ஏற்பாயின் ஏற்பு, மறுப்பாயின் காரணத்தோடு மறுப்பு, அறியாத இனமாயின் "இதனை நான் அறியேன்" என்னும் உரத்த அறிவிப்பு. ஒன்றும் ஓசையின்றி நழுவக்கூடாது.

நிரல்பெயர்ப்பியையே சான்றாக்குதல்

இவ்விலக்கணத்தை மனித நினைவை மட்டும் நம்பிக் காப்பது அரிது. இன்று இரண்டு உள்ளினங்கள்; நாளை, இடையில் கல்லூரி மாறிய மாணவருக்கென இடமாற்ற விண்ணப்பம் என்னும் மூன்றாவது வரும். நிரலில் இருபது இடங்களில் புதியதா, புதுப்பித்தலா என்று கேட்டிருப்பர். அவற்றுள் பத்தொன்பதைத் திருத்தி ஒன்றை மறப்பது மனித இயல்பு. மறந்த அந்த ஓரிடத்தில், இடமாற்ற மாணவர் அனைவரும் நழுவுவர்.

இதற்கு அண்மைக்கால ஜாவா நல்ல துணை ஒன்றைத் தந்துள்ளது. 2021 செப்டம்பரில் வந்த 17-ஆம் பதிப்பில், சீல்டு என்னும் சொல்லால் ஒரு பொது இனத்தை முத்திரையிடலாம். விண்ணப்பத்தின் உள்ளினங்கள் இவை மட்டுமே என்று அறிவித்துவிட்டால், வேறெவரும் புதிய உள்ளினத்தை நேரே அதன்கீழ்ச் சேர்க்க இயலாது. 2023 செப்டம்பரில் வந்த 21-ஆம் பதிப்பில், ஸ்விட்ச் என்னும் கிளைப்பிரிப்பில் இனங்களையே கிளைகளாக எழுதும் முறை நிலைபெற்றது. இவ்விரண்டும் சேருமிடத்தில், ஒவ்வோர் உள்ளினத்திற்கும் கிளை எழுதப்பட்டதா என்று நிரல்பெயர்ப்பியே எண்ணிப்பார்க்கும். மூன்றாவது உள்ளினத்தைப் பட்டியலில் சேர்த்தவுடன், அதற்கு விடை எழுதாத ஒவ்வோர் இடத்தையும் அதுவே சுட்டிக்காட்டி, நிரலை ஆக்க மறுக்கும். திருத்தப்படாத பழைய பகுதி எங்கேனும் மீண்டும் பெயர்க்கப்படாமல் தங்கிவிட்டாலும், புதிய இனத்தைக் கண்டவுடன் இயங்குபொறி விதிவிலக்கை எழுப்புமேயன்றி, பேசாமல் கடந்து செல்லாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிளைப்பிரிப்பின் இறுதியில் டிஃபால்ட் என்னும் பொதுக்கிளை ஒன்றைச் சேர்ப்பது பலரது வழக்கம். "மற்றவையெல்லாம்" என்று அது பொருள்படும். முத்திரையிட்ட இனத்திற்கு அதனை எழுதினால், நிரல்பெயர்ப்பி எண்ணுவதை நிறுத்திவிடும். நாளை வரும் இனமும் "மற்றவை"யில் விழுந்துவிடும். எல்லா இனங்களையும் பெயர் சொல்லி எழுதுங்கள். பெயர் சொல்லி எழுதப்பட்டவர்க்கே காவல் உண்டு.

மாற்றமே வேண்டாத வழி

ஐயா, ஒவ்வோர் இடத்திலும் இனத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் வழியா என்று நீங்கள் வினவலாம். அன்று. பல இடங்களில் கேட்கவே தேவையில்லை. தொகையைக் கணக்கிடு என்னும் வழிமுறையைப் பொது இனத்திலேயே அறிவித்து, ஒவ்வோர் உள்ளினமும் தன் முறையைத் தானே எழுதிக்கொள்ளுமாறு செய்யலாம். நிரல் விண்ணப்பத்திடம் தொகையைக் கேட்கும். புதியது தன் வழியிலும், புதுப்பித்தல் தன் வழியிலும் விடை கூறும். யார் நீ என்று கேளாமல், உன் பணியைச் செய் என்று கூறுவது இம்முறை.

இம்முறை நிலைக்கவேண்டுமாயின், உள்ளினம் பொது இனத்தின் வாக்கைக் காப்பாற்றவேண்டும். பார்பரா லிஸ்கோவ் என்னும் அமெரிக்க அறிஞர் 1987-இல் ஆற்றிய உரையில் இதனை வலியுறுத்தினார். பொது இனத்தை எதிர்பார்க்கும் எவ்விடத்திலும் உள்ளினத்தை வைத்தால், நிரலின் நடத்தை கெடக்கூடாது என்பதே அதன் சாரம். 2008-ஆம் ஆண்டின் டூரிங் பரிசு அவருக்குரியதாயிற்று.

எனினும் கேட்டே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. இரண்டு பொருள்கள் சமமா என்று காணும் ஈக்குவல்ஸ் என்னும் வழிமுறையை ஜாவா ஆப்ஜெக்ட் என்னும் பொது இனத்திற்கே வகுத்துள்ளது. ஆகவே அதனை எழுதும் ஒவ்வொருவரும் வந்த பொருள் தம் இனமா என்று கேட்டு, ஆம் எனில் மாற்றி, அன்றெனில் சமமன்று என்று கூறவேண்டும். வெளியிலிருந்து வரும் தரவைப் பெறும் வாயிலிலும் அவ்வாறே. வாயிலில் ஒருமுறை நன்கு கேட்டு, உரிய இனச்சீட்டோடு உள்ளே அனுப்பிவிட்டால், உள்ளே யாரும் மீண்டும் கேட்கத் தேவையில்லை.

மறைந்து நிற்கும் பள்ளங்கள்

மூன்று பள்ளங்களை மட்டும் சுருக்கமாகச் சுட்டுவோம்.

ஒன்று, ஜெனரிக்ஸ் தரும் காவல் நிரல்பெயர்ப்பியோடு முடிகிறது. புதிய விண்ணப்பங்களின் பட்டியல் என்று நாம் எழுதினாலும், இயங்கும் நேரத்தில் அது வெறும் பட்டியலே. உள்ளே இருப்பது எவ்வினம் என்னும் குறிப்பு அழிக்கப்பட்டுவிடும். பொதுவாகக் கிடைத்த பட்டியலைக் குறிப்பிட்ட இனத்தின் பட்டியலாக மாற்றும்போது, சோதிக்கப்படாத மாற்றம் என்று நிரல்பெயர்ப்பி எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கையை வாயடைக்கும் குறிப்பும் ஜாவாவில் உண்டு. காரணம் புரியாமல் அதனை எழுதாதீர்கள். மாற்றம் அப்போதைக்கு வெற்றிபெறும். வெகுதொலைவில், ஒன்றை வெளியே எடுக்கும் வேளையில் நிரல் விழும்.

இரண்டு, வரிசையணிகள். புதிய விண்ணப்பங்களின் அணியை விண்ணப்பங்களின் அணி என்னும் சீட்டால் பார்க்க ஜாவா இடந்தருகிறது. அச்சீட்டின் வழியே ஒரு புதுப்பித்தல் விண்ணப்பத்தை உள்ளே வைக்க முயன்றால், இயங்கும்போது அர்ரேஸ்டோர்எக்செப்ஷன் எழும். மாற்றம் என்று ஒரு வரியும் எழுதாமலே வரும் இடர் இது.

மூன்று, ஒரே பெயருடைய இனத்தை இரண்டு ஏற்றிகள் தனித்தனியே நினைவகத்தில் ஏற்றினால், ஜாவாவின் கண்ணில் அவை இருவேறு இனங்கள். விண்ணப்பம் விண்ணப்பமாக மாற்ற இயலாதது என்னும் விந்தையான செய்தி வரும். பெரிய வலைப்பணி நிரல்களில் பணியாற்றுவோர் இதனை நினைவிற் கொள்க. பெயர் ஒன்றாயிருப்பது மட்டும் ஒருமையாகாது.

நிறைவாக

இளைஞர்களே, நேர்முகத் தேர்வில் இதனைப் பற்றி உங்களைக் கேட்பர். இன்ஸ்டன்ஸ்ஆஃப் என்று விடை கூறினால் பாதி மதிப்பெண் கிடைக்கும். "இல்லை என்னும் விடை வந்தால் அப்பொருளுக்கு என்ன நேர்கிறது?" என்னும் வினாவிற்கும் விடை கூறுபவரே தொழிலறிந்தவர்.

நீங்கள் எழுதும் வரிசையில் நிற்பவை உங்கள் கண்ணுக்கு வெறும் பொருள்கள். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு பெயரும், ஒரு வங்கிக் கணக்கும், கட்டணம் கட்டவேண்டிய ஒரு நாளும் உள்ளன. ஆகவே, கூறுமுன் கேளுங்கள். கேட்டபின் எல்லா விடைகளுக்கும் வழி எழுதுங்கள். கேட்கத் தேவையில்லாதவாறு அமைக்க முடியுமாயின் அவ்வாறே அமையுங்கள். எழுந்த பிழையை ஒருபோதும் வாய்பொத்தாதீர்கள்.